பத்துப் பவுண்டுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம் முதியோர் சமையலறை அடுப்பு இன்று காலையும் எரிந்தது. இனியும் எரியும் என்று இப்போதுதான் எழுத முடிகிறது.

பெரிய தொகைக்கு முன்கூட்டியே உறுதி தந்த நால்வரும் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். தொண்டு அமைப்புகளுக்கு இணையத்தில் வரும் நன்கொடையை இரட்டிப்பாக்க 2008 முதல் நடந்துவரும் பிக் கிவ் கிறிஸ்மஸ் சவாலில் நாம் சேர முடிந்தது அவர்களால். நீங்கள் போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் இன்னொரு பவுண்டு வந்தது அவர்களாலும் சவாலின் இரட்டிப்புக்கென்றே ‘சாம்பியன்’ நிதி தந்த கொடையாளர்களாலும். வாட்ஸ்அப்பில் ஓயாமல் பகிர்ந்த பிள்ளைகள், கோயிலில் அறிவித்தவர்கள், கடை வாசலில் தாள் ஒட்ட இடம் தந்தவர்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஓர் அம்மாவுக்காக.

அந்தச் செவ்வாய் நண்பகலோடு சவால் முடிய இருந்தது. அன்று காலை ஒன்பதரைக்கு அவர் வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த பத்துப் பவுண்டுத் தாளை மேசையில் வைத்தார். தாளாகத் தந்தால் இரட்டிக்காது, இணையத்தில் கார்டில் செலுத்தினால்தான் என்று சொல்லவே எனக்குக் கூசியது.

"இரட்டிப்புப் பணம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, தம்பி?"

முந்நூற்றுச் சொச்சம் பவுண்டு இருந்தது.

"நாம் எடுக்காவிட்டால்?"

"நமக்கு வராது, அம்மா."

தாளை மறுபடி முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். மனம் நொந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்குத் திரும்பினார், மதியச் சாப்பாட்டுக்கு வரும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. நால்வர் கையிலும் கார்டு. அவருடையதில் எண்கள் தேய்ந்திருந்தன. பூதக்கண்ணாடி வைத்து அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தட்டினேன். வரி கட்டுபவர்களின் நன்கொடைக்கான கிஃப்ட் எய்டு கட்டத்தில் குறியிட்டால் பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடக் கிடைக்கும் என்றேன். "நான் வரி கட்டுவதில்லையே, பொய் சொல்லலாமா?" என்றார். குறியிடவில்லை.

11:52-க்குத் திரையில் அவருடைய பத்தின் கீழே இன்னொரு பத்து வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"பெயர் சொல்லாத ஒருவர்."

"அவருக்கும் என் பெயர் தெரியாதுதானே" என்றார்.

கடைசி எட்டு நிமிடங்களில் மிச்சமும் தீர்ந்தது.

இரட்டிப்பு என்று ஊரெல்லாம் கூவினேனே தவிர, கணினி தெரியாதவர்கள் எப்படிச் செலுத்துவார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் நாளே மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். தாளோடு வரும் எவரையும் அப்படியே திருப்பி அனுப்ப மாட்டேன்.

அம்மா, உங்கள் பூதக்கண்ணாடி என் மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.