செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்காகச் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. தீர்மானப் புத்தகம் மேசையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பறவைகளுக்காகப் பெரிய விழா எடுக்க வேண்டும், மேடை போட்டு மைக் செட் வைத்து ஊர்வலம் விட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் பலர் கேட்டீர்கள். செயற்குழு இதை நெடுநேரம் பேசியது. 1977-இல் அரசு நம் ஊர்க் கண்மாய்களைச் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் பறவைகளைக் காத்து நிற்பது ஊரின் கட்டுப்பாடு. தீபாவளிக்கு வெடியில்லை, கல்யாணத்துக்கு வேட்டில்லை, கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி இல்லை. இப்படி வாழும் ஊரில் பறவைக்கென்று எடுக்கும் விழாவே பறவையை விரட்டிவிடக் கூடாது. ஆகவே இந்த ஆண்டு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நடத்துவது என்று முடிவானது.

அக்டோபர் 31 தீபாவளி. வடகிழக்குப் பருவமழையோடு பறவைகள் வந்து இறங்கிக் கூடு கட்டத் தொடங்கும் நேரம் அது. இரவில் வெடிச் சத்தம் கேட்டால் அடைந்திருக்கும் பறவை எல்லாம் ஒருசேரக் கிளம்பிவிடும். இருட்டில் உடனே திரும்பி வந்து உட்காராது. காலியான கூட்டில் முட்டையைக் காக்கை கொண்டுபோகும். இதை எடுத்துச் சொல்லப் பக்கத்து ஊர்களுக்குப் போனோம். கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, “பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பிள்ளைய வெடி போட்டா வரவேப்பீக?” என்று கேட்டார். அதற்குமேல் நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. கண்மாய்ப் பக்கம் அணுகுண்டும் ராக்கெட்டும் வேண்டாம் என்று சில ஊர்கள் ஒப்புக்கொண்டன. நெடுஞ்சாலைக் கடைத்தெருவில் இன்னும் வெடிக்கிறார்கள். வரும் ஆண்டு கடைக்காரர்களையும் பார்க்க வேண்டும்.

மார்கழியில் பறவைக் கோலப் போட்டி வைத்தோம். பாம்புத்தாராவின் கழுத்தை ஒரே இழையில் வளைத்துப் போட்டிருந்த கோலத்தைப் பார்க்க மற்ற தெருக்காரர்களும் வந்தார்கள். பொங்கல் நாள்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நம் இளைஞர்களும் சேர்ந்தார்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்று நம் பையன்களை வேறெங்கும் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் விடியற்காலையிலேயே எண்ணி முடித்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 2, உலக ஈரநில நாள், ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பறவைத் திருவிழாவை அன்று வைத்தோம். கரைக்கு வெகுதூரத்தில் கொட்டகை. மேளமில்லை, மைக்கில்லை. பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாகக் கரைக்கு அழைத்துப்போனோம். தொலைநோக்கியில் நத்தைக்குத்தி நாரையைக் காட்டியபோது, அலகு நடுவில் ஏன் மூடவில்லை, அடிபட்டதா என்று ஒரு சிறுமி கேட்டாள். முன்பே எடுத்து வைத்திருந்த நத்தை ஓடுகளை அவள் கையில் கொடுத்தோம். ஓடு உடையவில்லை, உள்ளே சதை மட்டும் இல்லை. அந்த அலகு செய்யும் வேலை இது என்றதும் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற விவசாயி, நாற்றைக் கடிக்கும் நத்தையைத் தின்கிற பறவை நமக்குக் கூலி வாங்காத ஆள் என்றார். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவதையும் அவரே பிள்ளைகளுக்கு விளக்கினார். நாம் எழுதி வைத்த பதாகைகளைவிட அவர் பேச்சுதான் அன்று எடுபட்டது. இனி ஒவ்வோர் ஆண்டும் கண்மாய்ப் பாசனக்காரர்களே பேச வேண்டும் என்பது என் கருத்து.

நம் வட்டாரக் கண்மாய்களில் தண்ணீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாக்களுக்கும் போனோம். பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு சனம் இறங்கும் இடம், நாம் கூட்டினாலும் கூடாத கூட்டம். கிழிந்த நைலான் வலையைக் கண்மாயிலேயே விட்டுப் போனால் பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும் என்று சொல்லி, வலைத் துண்டுகளைச் சாக்கில் வாங்கி வந்தோம். கேட்டவர்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

ட்ரோனோடும் பெரிய கேமராவோடும் வருகிறவர்கள் கூட்டுக்கு அருகே போக முயல்வது கூடியிருக்கிறது. அன்பு காட்ட வருகிறவர்கள்தான். ஆனாலும் ஊர்க் கட்டுப்பாடு அவர்களுக்கும் உண்டு. அறிவிப்புப் பலகை வைக்க வனத்துறையிடம் மனு கொடுத்திருக்கிறோம்.

விழாவைவிடப் பெரிய கவலை தண்ணீர். கண்மாய் நிறையாத ஆண்டில் நாம் எவ்வளவு அமைதி காத்தாலும் பறவை வந்து தங்காது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைச் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. அதை வேரோடு எடுக்க வேண்டும். கூடு தாங்கும் நாட்டுக் கருவேல மரங்களைத் தொடக் கூடாது. எடுக்க வருகிற ஆள்களிடம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உடனிருந்து காட்ட வேண்டும்.

உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலங்களான ராம்சார் தலங்கள் தமிழ்நாட்டில் 20 இருக்கின்றன. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்தங்கால் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. வேட்டங்குடி இல்லை. அதைச் சேர்க்கக் கோரி அரசுக்கு விண்ணப்பிக்கும் தீர்மானத்தையும், மழைக்கு முன் வரத்துக்கால் வேலையைத் தொடங்கும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்