போகிக்கு முன் கைப்பிடிச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் சேலத்தில் வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார், அக்ரஹாரங்கள், குகை, அம்மாப்பேட்டை எனப் பழைய கடைத்தெருக்களில் மிஞ்சியிருக்கும் பெயர் எழுத்துகள் பலவும் பொங்கலுக்குச் சுத்தம் செய்யும் அந்தப் பதினைந்து நாளில்தான் அழிகின்றன. அழிப்பவர்கள் கடையின் மேல் அக்கறை உள்ளவர்களே. அதனால் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருப்பவர்களாகச் சிலவற்றை எழுதுகிறோம்.

ஒரு பலகையின் வயது தெரிந்தால் அதைத் தூக்கி எறியக் கை வராது. ‘சேலம் நகராட்சி’ என்றிருந்தால் 1994-க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் மாநகராட்சி ஆனது. நிழற்குடையில் ‘அண்ணா போக்குவரத்துக் கழகம்’ என்றிருந்தால் 1997-க்கு முந்தையது. விலைப்பலகையில் ‘ந.பை.’ இருந்தால் நயா பைசா புழங்கிய 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 6 இலக்க அஞ்சல் குறியீடு 1972-ல் வந்தது, அது இருந்தால் பலகை அதற்குப் பிந்தையது. ஆனால் ‘சேலம்-2’ என்று சுருக்கி எழுதும் பழக்கம் இன்றும் இருப்பதால், குறியீடு இல்லை என்பதை மட்டும் வைத்துப் பலகை பழையது என்று நம்ப முடியாது.

எழுத்தே நல்ல சாட்சி. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ‘விலை’, ‘சாலை’ போன்ற சொற்களில் இப்போதைய கொம்புக்குப் பதிலாக யானைத் தும்பிக்கை போல் சுழித்த ‘லை’, கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்த ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவை அதற்கு முந்தைய வடிவங்கள். ஆனால் பழகிய கை ஒரே நாளில் மாறாது. அதன் பிறகும் பழைய வடிவிலேயே எழுதிய ஓவியர்கள் உண்டு. ஆகவே இரண்டு அடையாளங்கள் ஒத்துவந்தால்தான் காலத்தைச் சொல்ல வேண்டும்.

கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்புச் சுதையில் புடைத்து நிற்கும் பெயரும் ஆண்டும்தான் அதிகம் கெடுகின்றன. ஆண்டுதோறும் அடிக்கும் சுண்ணாம்பு எழுத்தின் ஓரங்களில் படிந்து, ‘ட’வும் ‘ப’வும் ஒரே மொட்டையாகிவிடும். உடனே ஒருவர் கம்பி பிரஷ் எடுப்பார், இன்னொருவர் ஆசிட் ஊற்றுவார். ஆசிட் மேற்படிவத்தைக் கரைத்ததோடு நிற்காது. எழுத்தும் சுண்ணாம்புதானே, அதையும் தின்னும். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மேலிருந்து கீழாகச் சுரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். ஓர் எழுத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

உடைந்த எழுத்தைச் சிமென்டால் ஒட்டுவது அடுத்த தவறு. சிமென்ட் கெட்டியானது, ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் இருக்கும் ஈரமும் உப்பும் பக்கத்திலுள்ள மெல்லிய சுண்ணாம்பு வழியாக வெளியேறும். நாளடைவில் பழைய எழுத்து பொடிந்து உதிர, சிமென்ட் துண்டு மட்டும் நிற்கும். குறைந்தது இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு என்று கலக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பூசும் இடத்தை முதலில் நனைத்து, பூசியபின் ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இத்தனை உழைப்பும் வீண். ஈரம் உள்ளே அடைபட்டுக் கொப்புளமாகக் கிளம்பும். சுண்ணாம்பே அடியுங்கள்.

பீங்கான் பூசிய இரும்புப் பலகைகள் வேறு வகை. அவற்றின் மேலிருப்பது பெயின்ட் இல்லை. சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருகி இரும்போடு ஒட்டிய கண்ணாடி. வெயிலில் நிறம் மங்காது, ஆனால் தகடு வளைந்தால் கண்ணாடி தெறிக்கும். துரு பெரும்பாலும் திருகு ஓட்டையில் ஆரம்பித்துப் பீங்கானுக்கு அடியில் பரவும். கழற்றும்போது முறுக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் பலகைக்கும் சுவருக்கும் இடையே ஹேக்ஸா பிளேடை நுழைத்துத் திருகை அறுத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். கார் பாலிஷில் உராயும் பொடி இருக்கும், வேண்டாம். துருப்பிடித்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். திரும்ப மாட்டும்போது திருகுக்கு முன்னும் பின்னும் ரப்பர் வாஷர் வைத்து, இறுக்காமல் நிறுத்துங்கள்.

கையால் எழுதிய தகரப் பலகை, மரப்பலகைமேல் தயவுசெய்து வார்னிஷ் அடிக்க வேண்டாம். சில ஆண்டுகளில் மஞ்சளாகி உரியும்போது எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். போகித் தீயில் போடுவது அதைவிட ஆபத்து. பழைய எண்ணெய் பெயின்ட்களில், குறிப்பாக வெள்ளை, மஞ்சள், சிவப்பில், ஈயம் கலந்திருப்பது வழக்கம். எரித்தால் அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிப்பார்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும் அதே காரணத்தால் கூடாது. பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கை (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்ற வரம்பு 2016 விதிகளால்தான் வந்தது.

தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்ற பெயர்ப்பலகை விதியை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் புதிய பலகை மாட்டுங்கள். அதற்காகப் பழையதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதில்லை, கடைக்குள் மாட்டலாம். அதன்மேலேயே ஃப்ளெக்ஸ் சட்டத்தை வைத்து ஆணி அடிப்பதுதான் எங்களுக்குப் பொறுக்காத செயல்.

எதைச் செய்வதற்கு முன்னும் படம் எடுங்கள். நேராக நின்று ஒன்று. காலை அல்லது மாலை வெயில் சுவரில் சாய்வாக விழும்போது இன்னொன்று. ஓர் அடி ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். சுண்ணாம்புச் சுவரில் மங்கிய எழுத்து என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் சில நிமிடம் தெளிவாகத் தெரியும். மரத்தில் இதைச் செய்யக் கூடாது.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். தெருப்பெயர்ப் பலகைகளை மாற்றும் ஒப்பந்தத்தில், கழற்றிய பழைய பலகையை அதன் தெருப்பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு வார்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அங்கிருந்து தேர்ந்தெடுத்தவற்றைச் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை ஓவியர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2