சத்தம் போடாதவரை முதலில் பாருங்கள்: நெடுஞ்சாலை முதலுதவிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே கடை வைத்திருப்பவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து அமைத்த குழு இது. விபத்து என்றதும் முதலில் ஓடிப்போவது டீக்கடைக்காரரும், பஞ்சர் கடைத் தம்பியும், வயலில் நிற்பவர்களும்தான். 108 வரும்வரை அடிபட்டவர்கள் இவர்கள் கையில்தான் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பயிற்சியும் பொருளும் கொடுக்க உங்கள் உதவி வேண்டும்.

ஒரு வேன் கவிழ்ந்து பத்துப் பேர் கிடந்தால், கூட்டம் அலறுபவரிடம்தான் ஓடும். கை ஒடிந்தவரை முதல் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அவர் வலி நிஜம்தான். ஆனால் அலற முடிகிறது என்றால் அவருக்கு மூச்சு ஓடுகிறது, நினைவு இருக்கிறது. ஓரமாக வெளிறிப்போய், உடம்பு சில்லிட்டு, கேட்டதற்குக் குழறலாகப் பதில் சொல்பவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. முதல் வண்டி அவருக்குத்தான் வேண்டும்.

அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது இதற்காகத்தான். அதன் எளிய வடிவத்தைச் சாலையோரத்திலேயே செய்யலாம். "நடக்க முடிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தால், எழுந்து வருபவர்கள் பச்சை. அவர்கள் காத்திருக்கலாம், ஆனாலும் அவர்கள் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். எழ முடியாதவர்களிடம் மூச்சு, ரத்தப்போக்கு, நினைவு என்று வேகமாகப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறுபவர், ரத்தம் பீறிடுபவர், "என் கையை அழுத்துங்க" என்றால் செய்ய முடியாதவர் சிவப்பு. எழ முடியாதவர்களில் மற்றவர்கள் மஞ்சள். பீறிடும் இடத்தைத் துணி வைத்து விடாமல் அழுத்த வேண்டும். கை, காலில் அப்படியும் நிற்காவிட்டால் டூர்னிக்கெட் பட்டையால் இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அப்புறம், வாயில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம், ஏற்றப்பட வேண்டிய மருந்து. 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு அதன் பலனைக் காட்டியது. மருந்து மருத்துவமனையில் தயாராக இருந்தாலும், அது தேவைப்படுபவர் சாலையிலேயே கிடந்தால் என்ன பயன்?

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளோடு திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. போலீஸ், கோர்ட் என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இருபது கடைகளில் பெட்டி வைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அழுத்தக் கட்டுகள், காஸ் துணி, கையுறை, கத்தரிக்கோல், டூர்னிக்கெட், மூன்று நிற அட்டைகள், பேனா ஆகியவை உள்ளே இருக்கும். ஒரு பெட்டிக்கு ₹4,000 என்று கணக்கிட்டிருக்கிறோம். மலிவான போலி டூர்னிக்கெட் பட்டைகள் இறுக்கும்போதே உடைந்துவிடுவதால் அதில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டோம். பயிற்சிக்கும், தீர்ந்த பொருளை ஓராண்டு நிரப்புவதற்கும் ₹70,000. ஆக மொத்தம் ₹1,50,000 தேவை.

ஒரு பெட்டியை முழுதாக ஏற்கலாம். ஐம்பது, நூறு ரூபாயும் கொடுக்கலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் பெட்டி இருக்கும் கடைகளிலேயே ஒட்டுவோம். பணம் தர இயலாதவர்கள் பயிற்சிக்கு வாருங்கள், குறிப்பாக இந்த வழியில் வண்டி ஓட்டும் ஓட்டுநர்கள். பெயர் கொடுக்கக் குழுவினர் யாரையும் அணுகலாம்.

இப்படிக்கு,
நெடுஞ்சாலை முதலுதவிக் குழுவினர்