முதுகு நீர் தெளிவாக வந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்ஐவி உள்ளவர்களுக்குக் காசநோயால் வரும் ஆபத்தைப் பற்றி நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. எழுதத்தான் வேண்டும். ஆனால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படுவதில்லை. 2022இல் வெளியான மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இது வருகிறது. 1,12,000 பேர் இறக்கிறார்கள். எய்ட்ஸ் சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இதனால்தான்.

புறா எச்சத்திலும் மண்ணிலும் மரப்பொந்துகளிலும் இந்தப் பூஞ்சை இருக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. அங்குள்ள மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்கிவிடும். ஆனால் எச்ஐவி அழிக்கும் வெள்ளையணுக்களான சிடி4 செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் வந்து தூண்டினால்தான் விழுங்கியதைக் கொல்லும் வலு அவற்றுக்கு வரும். கொல்ல முடியாமல் மிஞ்சியதைச் சுற்றிச் செல்களால் சுவர் எழுப்பி உடல் அடைத்துவைக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கினால் அந்தச் சுவர் கரைந்துவிடும். பூஞ்சை ரத்தத்தில் இறங்கி மூளைக்குப் போகிறது. விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே உட்கார்ந்தும் போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டாது. வீட்டார் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

மூளைக்காய்ச்சல் என்றதும் கழுத்து விறைப்பையும் கடும் காய்ச்சலையும் எதிர்பார்க்கிறோம். அவை எதிர்ப்பு சக்தி போராடுவதால் வரும் அறிகுறிகள். போராட ஆள் இல்லாத உடம்பில் கழுத்து விறைக்காமலே இருக்கலாம். இரண்டு மூன்று வாரமாக விடாத தலைவலி, வாந்தி, பொருள் இரண்டாகத் தெரிவது, மெல்ல மெல்லப் புத்தி தடுமாறுவது, பலரிடம் இவ்வளவுதான் தெரியும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்தால் தெளிந்த தண்ணீராக வரும். வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐந்துக்கும் குறைவு, சர்க்கரையும் புரதமும் கிட்டத்தட்ட சரி. 'நார்மல்' என்று அறிக்கை வந்துவிடும்.

அதே நீரில் ஒரு சொட்டை இந்தியா இங்க் என்ற கறுப்பு மை ஒரு சொட்டோடு கலந்து நுண்ணோக்கியில் வைத்தால் வேறு காட்சி. கறுப்புப் பின்னணியில் உருண்டை உருண்டையான பூஞ்சைகள், ஒவ்வொன்றையும் சுற்றி அகலமான வெளிச்ச வளையம். அந்த வளையம்தான் பூஞ்சையின் உறை. அதிலிருந்து உதிரும் சர்க்கரைப் பொருள், வெள்ளையணுக்கள் நீருக்குள் வந்து சேர்வதைத் தடுக்கிறது. செல் குறைவாகவும் பூஞ்சை மிகுதியாகவும் இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள். ஆகவே 'நீரில் செல் இல்லை' என்பது நல்ல செய்தியே அல்ல. பூஞ்சை குறைவாக இருந்தால் இங்க் சோதனையும் தவறவிடும். பூஞ்சை உதிர்க்கும் அந்த உறைப்பொருளை, அதாவது ஆன்டிஜெனைக் கண்டறியும் கிராக் (CrAg) பட்டைச் சோதனை தவறவிடுவது மிக அரிது. ஒரு சொட்டு போதும், பத்து நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும்.

முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பல குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுக்கின்றன. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. இந்நோயில் நீர் எடுப்பது சோதனைக்கு மட்டுமல்ல, அதுவே சிகிச்சை. பூஞ்சையும் அதன் உறைப்பொருளும் மூளை நீர் வடியும் வழிகளை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் ஏறுகிறது. பார்வையும் காதும் போவதற்கு அதுவே பெரிய காரணம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து அளக்க வேண்டும், உட்காரவைத்து அல்ல. அளவுக்குழாய் இல்லையென்றால் குளுக்கோஸ் ஏற்றும் சுத்தமான குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, நீர் ஏறும் உயரத்தை ஸ்கேலால் அளக்கலாம். 25 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் 20க்குக் கீழே வரும்வரை, மிக அதிகமாக இருந்தால் பாதியாகும்வரை வடிக்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி. தலைவலி திரும்பினால் மறுநாளும் வடிக்க வேண்டும். மூளை அழுத்தத்தைக் குறைக்க ஏற்றும் மானிட்டால் மருந்து இதற்கு ஈடாகாது. வலிப்போ ஒருபக்கச் செயலிழப்போ இருந்தால் மட்டும் முதலில் ஸ்கேன்.

நம் ஊரில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. எச்ஐவி, தலைவலி, மூளைக்காய்ச்சல் என்றதும் காசநோய் என்று கருதி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் தொடங்கிவிடுவது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆறு நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பூஞ்சை மூளைக்காய்ச்சலில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் பூஞ்சை மெதுவாகவே குறைந்தது, ஊனம் கூடியது. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இருக்கிற கொஞ்ச எதிர்ப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடுகிறது. பத்து நிமிடச் சோதனையை முதலில் செய்துவிட்டால் இந்தத் தவறு நேராது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி, எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரையை எப்போது தொடங்குவது? எச்ஐவி தெரிந்த அன்றே தொடங்கலாம் என்பது பொதுவாக நல்ல கொள்கை. இந்நோய்க்கு மட்டும் அது பொருந்தாது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஓரிரு வாரத்தில் ஏஆர்டி தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேரும், ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம் பேரும் 26 வாரத்துக்குள் இறந்தார்கள். முதுகு நீரில் வெள்ளையணு ஐந்துக்கும் குறைவாக இருந்தவர்களிடம்தான் வித்தியாசம் மிகப் பெரிது. அதனால் பூஞ்சை மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தே ஏஆர்டி. அப்படிப் பொறுத்தாலும் சிலருக்கு, திரும்பி வரும் எதிர்ப்பு சக்தி செத்துக் கிடக்கும் பூஞ்சையின் மிச்சத்தைத் தாக்கித் தலைவலியை மறுபடி கிளப்பும். அப்போது நீர் எடுத்து அழுத்தத்தைப் பார்த்து, உயிருள்ள பூஞ்சை வளர்கிறதா என்று கல்ச்சர் செய்ய வேண்டும். வளராவிட்டால் அது எதிர்ப்பு சக்தியின் கோளாறு; உயிருக்கு ஆபத்தான நிலையில் அதற்கு ஸ்டீராய்டு உண்டு. ஏற்கெனவே ஏஆர்டி சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டு ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த முறை எளிது. லிபோசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், முதல் நாள் ஒரே ஒரு தடவை. 50 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் குப்பி பத்து. கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின், அதே 50 கிலோ எடைக்கு நாளுக்கு 5 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து; ஃப்ளூகோனசோல் நாளுக்கு 1200 மில்லிகிராம். பிறகு ஃப்ளூகோனசோல் மட்டும் எட்டு வாரம் நாளுக்கு 800, அதன்பின் நீண்ட நாள் 200. ஆம்போடெரிசினை டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சலைனில் கலந்தால் படிந்துவிடும். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ளூசைட்டோசின் எலும்பு மஜ்ஜையை அமுக்கும் என்பதால் வெள்ளையணு எண்ணிக்கையும் அவசியம்.

உகாண்டாவில் கண்டதுபோல, தலைவலி தொடங்கச் சராசரியாக மூன்று வாரம் முன்பே ரத்தத்தில் ஆன்டிஜென் தெரிந்துவிடுகிறது. எனவே சிடி4 100க்குக் கீழ் உள்ள எவருக்கும், முடிந்தால் 200க்குக் கீழ் உள்ளவர்களுக்கும், ஏஆர்டி எழுதித் தருவதற்கு முன் இந்தப் பட்டைச் சோதனையைச் செய்ய வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டுப் பல மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம். பட்டை தீர்ந்துபோன மையத்திலும் ஒரு கேள்விக்குத் தடையில்லை: "தலைவலி எத்தனை நாளாக இருக்கிறது?"

இப்படிக்கு,
எச்ஐவி சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள்,
சென்னை