மல்லாவியிலிருந்து, மைனர்காரனுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. காலபோக வெட்டு முடிந்து இப்போதுதான் நெல்லை மூட்டை கட்டி அடுக்கினேன். அதுதான் பதில் சுணங்கிவிட்டது. முழங்கால் வலி எப்படி? எண்ணெய் பூசுகிறாயா, இல்லை வழக்கம்போலப் புறுபுறுத்துக்கொண்டு திரிகிறாயா?

சரி, உன் மொறிஸ் மைனர் காரின் கதைக்கு வருகிறேன். பெற்றோல் முள் எந்நேரமும் தாங்கி நிறைந்ததாகவே காட்டுகிறது, மீற்றரையே மாற்ற வேண்டும் என்று கராச்சில் சொன்னதாக எழுதியிருந்தாய். காசைக் கொடுத்துவிடாதே. போன மாதம் என்னுடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஆடிய கூத்தைக் கேள்.

டாஷ்போர்ட் துருப்பிடித்துக் கிடந்தது என்று கழற்றிப் பெயின்ற் அடிப்பித்தேன். அடித்தவன் நல்ல மனதோடு முன்பக்கம் மட்டுமில்லாமல் பின்பக்கமும் தடிப்பாக அடித்துத் தந்தான். இரண்டு நாள் கழித்து மாங்குளத்திலிருந்து வருகிறேன், நல்ல உச்சி வெயில். இன்ஜின் சூட்டு முள் சிவப்பில் போய் நிற்கிறது. பதறிப்போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தி, அரை மணித்தியாலம் ஆறவிட்டு, துணி சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. ஆவியும் இல்லை, ஒழுக்கும் இல்லை. திரும்ப வந்து திறப்பைப் போட்ட பிறகுதான் பெற்றோல் முள் கண்ணில் பட்டது. வெறும் தாங்கியில் காலையில் ஊற்றியது பத்து லீற்றர். முள்ளோ பாதியைத் தாண்டி நிற்கிறது!

ஒரு முள் பொய் சொன்னால் அதன் வயரையும், அளவை எடுத்து முள்ளுக்கு அனுப்பும் சென்டரையும் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் பொய் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பிடிக்க வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு தகரப் பெட்டி இருக்கும், ஸ்ரபிலைசர். பற்றறி 12 வோல்ற் கொடுத்தாலும், இன்ஜின் ஓடும்போது 14 வரை ஏறினாலும், அது விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ற் போவதுபோலச் செய்யும். உள்ளே ஒரு இரட்டை உலோகத் தகடு சூடாகி வளையும், தொடர்பு அறும். ஆறினால் திரும்ப ஒட்டும். ஆனால் அந்தத் தகடு சூடாக வேண்டுமென்றால் பெட்டியின் உடம்புக்கு ஏர்த், அதாவது காரின் தகரத்தோடு மின் தொடர்பு, கிடைக்க வேண்டும். என் பெட்டி பெயின்றுக்கு மேலே குந்தியிருந்தது. ஏர்த் இல்லை, தகடு வளையவில்லை, முழு வோல்ற்றும் முள்ளுகளுக்குப் போயிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், இன்ஜினை உறுமவிட்டபோதெல்லாம் இரண்டு முள்ளும் மெல்ல மேலே போனதுதான். நான்தான் கவனிக்கவில்லை.

ஸ்குறூவடியைக் கத்தி நுனியால் வெள்ளைத் தகரம் தெரியச் சுரண்டிப் பூட்டினேன். பெட்டியிலிருந்து வெளியே போகும் முனையில் வோல்ற் மீற்றரை வைத்தால் இலக்கம் தாண்டவம் ஆடும், ஒன்றும் விளங்காது. சின்னப் பல்ப் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். சிக்னல் லைற் மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. அவ்வளவுதான் வைத்தியம்.

உன்னுடைய 58ஆம் ஆண்டு மைனர் வேறு சாதி. திறப்பைப் போட்டவுடன் முள் துள்ளிப் போகிறதா, என்னுடையதுபோலச் சோம்பலாக ஏறுகிறதா என்று பார். துள்ளினால் அது பழைய சுருள் வகை, அதற்கு இந்தப் பெட்டியே கிடையாது. அந்த வகையில் தாங்கிப் பக்கத்து வயர் அறுந்தாலோ, சென்டருக்கு ஏர்த் இல்லாவிட்டாலோ முள் போய் நிறைந்த இடத்தில் நிற்கும். என்னுடையதில் வயர் அறுந்தால் வெறுமை காட்டும், நேர்மாறு. ஆகவே முதலில் தாங்கியடிக்குப் போ. திறப்பை அணைத்துவிட்டு, சென்டர் வயரைக் கழற்றிக் காரின் உடம்புத் தகரத்தில் கட்டு. பிறகு திறப்பைப் போடு. பெற்றோல் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, மறந்துவிடாதே. முள் வெறுமைக்கு விழுந்தால் மீற்றரும் வயரும் சுகம், பிழை சென்டரிலோ அதன் ஏர்த்திலோ. விழாவிட்டால் வயரைத் தேடு. எலி கடித்திருக்கும். இங்கே நெல்லுக்கு வருகிற எலி, வயரையும் விட்டுவைப்பதில்லை.

சண்டைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோது முள்ளை யார் பார்த்தது? ஸ்ராட் பண்ண வைத்திருந்த போத்தலில் எத்தனை மிடறு பெற்றோல் மிச்சம் என்பதுதான் கணக்கு. ஒருநாள் நீ அந்தப் போத்தலையே தட்டி ஊற்றிவிட்டு, நாங்கள் தள்ளிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கா?

வயரைப் பார்த்துவிட்டு எழுது. பிழை சென்டரில்தான் என்றால் கழற்றி வைத்திரு. சிறுபோக விதைப்புக்கு முன் ஒருநாள் அந்தப் பக்கம் வருவேன், இருவருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் மல்லாவிக்காரன்