பத்திரிகையில் இல்லாத பெயர்

அன்புள்ள சரோஜா,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னாராமே; ஹாஸ்டலில் வார்டன் சொல்லியே கேட்காதவள் நீ, அவர் பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் வரைக்கும் இருக்கிறார்கள். நம் தம்பி முரளி பெயர் இல்லை. மூன்று தடவை படித்தேன். அண்ணியிடம் போனில் கேட்டால், "ப்ரூஃப்ல இருந்துச்சு, உங்க அண்ணன்தான் அடிச்சிட்டாங்க" என்று அழுகிறார். எல்லாம் அந்தப் பாகப்பிரிவினைதான், உனக்குத் தெரியாததா?

அன்று சாயங்காலமே பேத்தி ஆங்கிலப் பாடத்தோடு வந்து, "ஃபிராட்ரிசைட்னா என்ன பாட்டி?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடன்பிறந்தவனைக் கொல்வது என்று சொல்லிவிட்டு, லத்தீனில் 'ஃபிராட்டர்' என்றால் சகோதரன், 'கைடெரெ' என்றால் வெட்டுவது, கொல்வது என்று பிரித்துக் காட்டினேன். லத்தீனில் கொன்றவனுக்கு 'ஃபிராட்ரிகிடா', கொலைக்கு 'ஃபிராட்ரிகிடியம்' என்று தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் கொலையும் கொலைகாரனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். 'பிரதர்' என்பதும் சமஸ்கிருதத்து 'ப்ராதா'வும் இந்த 'ஃபிராட்டரு'க்குக் கூடப்பிறந்தவைதான். 'டிசைட்' என்கிறோமே, தீர்மானிப்பது, அதற்குள்ளும் அதே 'கைடெரெ' இருக்கிறது: வெட்டிவிடுவது. பேத்தி எழுதிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொலையைச் சொல்ல வந்த சொல் முதலில் 'சகோதரன்' என்றுதானே வாயைத் திறக்கிறது?

ரோம் நகரை உண்டாக்கிய ரோமுலஸ் கூடப்பிறந்த ரீமஸைக் கொன்ற கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது புராணம். கெட்டாவின் கதை அப்படியில்லை. ரோமப் பேரரசன் செப்டிமியஸ் செவரஸ் 211இல் பிரிட்டனில் யார்க் நகரில் இறந்தபோது, ஒற்றுமையாக இருங்கள் என்று இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரோமுக்குத் திரும்பிய கையோடு மூத்தவன் கராகல்லாவும் இளையவன் கெட்டாவும் அரண்மனையை இரண்டாகப் பிரித்து, நடுவில் இருந்த வழிகளை அடைத்துவிட்டார்கள். பிறகு ராஜ்ஜியத்தையே கூறுபோடலாம் என்று பேச்சு. அப்போது தாய் ஜூலியா டோம்னா, நிலத்தையும் கடலையும் பங்கு போட வழி கண்டுபிடித்துவிட்டீர்கள், உங்கள் அம்மாவை எப்படிப் பங்கு போடுவீர்கள் என்று கேட்டாளாம். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதியிருக்கிறார்.

நம் அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியோடு போய்வந்தது உனக்கு நினைவிருக்கும். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, சரோஜா. நானும் கேட்கவில்லை.

அந்த 211 டிசம்பரிலேயே சமாதானம் பேசலாம் என்று ஜூலியா இருவரையும் அழைத்த இடத்தில், அவள் மடியிலேயே கராகல்லாவின் ஆட்கள் கெட்டாவை வெட்டினார்கள். தடுத்த அவள் கையிலும் காயம். பிள்ளைக்காக அழக்கூட அவளை விடவில்லை. பிறகு கெட்டாவின் பெயரை ஊர் ஊராகக் கல்லிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். ரோமில் 203இல் தகப்பன் பெயரில் எழுப்பிய வெற்றி வளைவு இன்னும் நிற்கிறது. அதன் நான்காவது வரியில் கெட்டா பெயர் இருந்த இடத்தில், அப்பாவையும் அண்ணனையும் புகழும் சொற்களைப் பொருத்திவிட்டார்கள். ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பதித்திருந்த துளைகள் போகவில்லை. அவற்றை வைத்தே அங்கே என்ன பெயர் இருந்தது என்று படித்துவிட்டார்கள்.

அண்ணன் கராகல்லா இல்லை. முரளிக்கு டைஃபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவர் அவர். அதனால்தான் பயமாக இருக்கிறது. அவரே பேனாவை எடுத்து அடித்திருக்கிறார்.

நான் சொன்னால், நீ முரளி பக்கம் என்பார். உன் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசியதில்லை, அந்த சைக்கிள் விவகாரத்திலிருந்தே. வெள்ளிக்கிழமை வந்துவிடு, இரண்டு பேருமாகப் போவோம். உள்ளூரில் இன்னும் பத்திரிகை கொடுக்க ஆரம்பிக்கவில்லையாம். அச்சகத்தில் கேட்டுவிட்டேன், மறுபடி அடிக்க இரண்டு நாள் போதும் என்றார்கள். பணம் நான் கட்டுகிறேன்.

உன்,
மங்கை