கயோ மலையிலிருந்து அப்பாவுக்கு

பெனர் மெரியா, அச்சே, இந்தோனேசியா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். இங்கே விடாத மழை. ஃபோனில் பேசினால் பாதிக் கேள்வியிலேயே லைன் போய்விடுகிறது, அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பாவுக்குச் செடி எப்படி என்று தெரியவேண்டும். அம்மாவுக்கு, சண்டை நடந்த ஊராமே, பயமில்லையா என்று கவலை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. முதலில் செடி.

அப்பா, நீங்கள் வந்து பார்த்தால் தாண்டிக்குடி என்றே நினைப்பீர்கள். அதே உயரம், அதே குளிர், அரபிகாதான் எல்லாம். நிழலுக்குச் சில்வர் ஓக் கிடையாது, சூபாபுல் நட்டிருக்கிறார்கள். ஊடுபயிராக பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு. ஆமாம், கமலா மாதிரியே தோல் கழன்று வருகிற ஆரஞ்சு. நம் மலையில் நோய் வந்து அழிந்த கதையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. எஸ்டேட் என்று எதுவும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேர், மிஞ்சினால் இரண்டு. வீட்டு அடுக்களைக் கதவைத் திறந்தால் காப்பித் தோட்டம்.

பழத்தைப் பறித்த அன்று சாயங்காலமே அவரவர் வீட்டில் பல்பரில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி ஊறவைத்து, காலையில் கழுவி, சில மணி நேரம் காயப்போட்டு, பார்ச்மென்ட்டை, அதாவது உள்தோலோடு இருக்கிற பருப்பை, ஈரமாகவே விற்றுவிடுகிறார்கள். மில்லிலும் அதை ஈரத்தோடுதான் தோலுரிக்கிறார்கள். பட்டிவீரன்பட்டி க்யூரிங் ஆலையில் இப்படி ஒரு மூட்டை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் இல்லையா? இங்கே அதுதான் முறை. பறிப்பு மும்முரமாக இருக்கிற மாதங்களிலும் மழை விடாது. பார்ச்மென்ட்டைக் களத்தில் நாள்கணக்கில் காயவைக்க முடியாது, தோலை எடுத்துவிட்டால் பருப்பு சீக்கிரம் காயும். அதனால் பருப்பு நீலம் கலந்த பச்சையாக இருக்கும். புளிப்புக் குறைவு, கெட்டியான சுவை. இந்தச் சுவைக்காகவே அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும் வாங்குகிறான். கயோ காப்பிக்கு 2010-இல் இந்தோனேசியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது, 2017-இல் ஐரோப்பாவிலும். என் வேலை, கூட்டுறவுச் சங்கத்துக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் இயற்கை முறை விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்த்து எழுதுவது. பறிப்பிலும் பல்பரிலும் பாதி வேலை பெண்களுடையது, அதனால் என்னை நேரே அடுக்களைக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். ஊர்ச் செய்தி எல்லாம் அங்கேதான் கிடைக்கிறது.

ஊர் சின்னது. ஒரு தார் ரோடு, இரண்டு பக்கமும் தகரக் கூரை வீடுகள். ஒரு மசூதி, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு காப்பிக்கடை. பல வீடுகளில் கீழ்ப்பாதி செங்கல், மேல்பாதி பலகை. 2013 ஜூலை 2-ஆம் தேதி வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, பலகைதான் நல்லது என்கிற எண்ணம் இன்னும் பலமாகிவிட்டதாம். மேகம் விலகினால் புர்னி தெலோங் எரிமலை தெரியும், 2,600 மீட்டருக்கு மேல். ஊர்த் தலைவரை ரெஜே என்கிறார்கள். அவர், இமாம், பெரியவர்கள், ஊர்மக்கள் என்று நான்கு தரப்பும் சேர்ந்து முடிவெடுப்பது கயோ வழக்கம். ஊராட்சி அலுவலக வாசலில் பெரிய ஃபிளெக்ஸில் ஊராட்சி நிதியின் வரவும் செலவும் அச்சடித்துத் தொங்குகிறது. நம்ம ஊரில் இப்படி ஒன்று மாட்டினால் எத்தனை நாள் நிற்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

நான் குடியிருப்பது ஒரு பாட்டி வீட்டில். அனன் என்று கூப்பிடுகிறேன், கயோக்காரர்கள் பாட்டியைக் கூப்பிடுவது அப்படித்தான். அனன் கயோ, அடுத்த வீடு ஜாவாக்காரர்கள், மளிகைக் கடை அச்சேக்காரர். டச்சுக்காரன் தோட்டத்துக்குக் கூலிகளாக ஜாவாவிலிருந்து வந்தவர்களின் பேரன்கள் சிலர். அதிபர் சுஹார்த்தோ காலத்தில் அரசாங்கம் குடியேற்றிவிட்டவர்கள் சிலர். ஒரே வரிசையில் மூன்று மொழி. வம்பு வந்ததும் அதிலிருந்துதான்.

அம்மா, சண்டை கதை இதுதான். 1976-இல் போராளிகளின் தலைவர் ஹசன் டி திரோ அச்சேயைத் தனி நாடு என்று அறிவித்தார். ராணுவம் வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம். சுனாமி நாகப்பட்டினத்தை அடித்த அதே நாளில் இங்கே கடற்கரை மொத்தமும் போயிற்று, அதற்கு எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 15-இல், ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. போராளிகள் 3,000 பேர் வெளியே வருவது, 840 துப்பாக்கியை ஒப்படைப்பது, ராணுவம் திரும்பிப் போவது என்று எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறார்கள். நடுவில் நின்ற ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் அஹ்திசாரிக்கு 2008-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நல்ல ஒப்பந்தம்தான், நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரிய சண்டை இல்லை.

ஆனால் அது ஜகார்த்தாவுக்கும் போராளிகளுக்கும் நடந்த ஒப்பந்தம். இந்த மலையில் நடந்தது பக்கத்து வீட்டுச் சண்டை. ஜாவாக்காரர்கள் எல்லாம் ஜகார்த்தாவின் ஆட்கள் என்று போராளிகள் கை வைத்தார்கள். ராணுவத்தின் ஆதரவோடு இங்கேயே ஆயுதக் குழுக்கள் முளைத்தன, அவை அச்சேக்காரர்களையும் சந்தேகப்பட்டவர்களையும் தேடின. 2001-இல் ஊர் ஊராக எரிந்தது. அனன் குடும்பம் தோட்டத்தை விட்டுவிட்டு தகெங்கோன் நகரத்துக்கு ஓடியது. திரும்பி வந்தபோது காப்பிச் செடி மரமாகி, புல் ஆளுயரம் மண்டி, காயெல்லாம் துளைப்பான் பூச்சி விழுந்து கிடந்ததாம். அடியோடு கவாத்து செய்து, மறுபடி துளிர்த்துக் காய்க்கும் வரை கூலிக்குப் போயிருக்கிறார்கள்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? சுனாமிப் பணம் கடற்கரைக்குப் போனது. மலைக்கு அலை வரவில்லை. 2023-இல் அதிபர் ஜோக்கோ விடோடோ அச்சேயில் நடந்த மூன்று கொடுமைகளைப் பெரிய மனித உரிமை மீறல்கள் என்று ஒப்புக்கொண்டார். பிடி மாவட்டத்தில் ஒன்று, வடக்கு அச்சேயில் ஒன்று, தெற்கு அச்சேயில் ஒன்று. இந்த மலை அதில் இல்லை. அனனிடம் கேட்டேன். "எங்களுக்கு யார் செய்தது என்று தெரியும், அதிபர் வந்து சொல்லவேண்டாம்" என்றார். அப்புறம் மிளகாய் அரைக்கப் போய்விட்டார்.

யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரிந்துகொண்டு எப்படி ஒரே ஊரில் இருக்கிறார்கள்? டோக்கே என்று இங்கே காப்பி வாங்குகிற வியாபாரியின் களத்தில் சாயங்காலம் நின்றால் கொஞ்சம் புரியும். போராளியாக இருந்து காட்டிலிருந்து இறங்கி வந்தவர் ஒருவர், ஆயுதக் குழுவில் இருந்தவர் ஒருவர், இரண்டு பேரும் ஈரப் பார்ச்மென்ட் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். டோக்கே கையை விட்டு அளைந்து பார்த்து விலை சொல்கிறார். விலை குறைவு என்று இரண்டு பேரும் சேர்ந்தே அவரைத் திட்டுகிறார்கள். மறுவாழ்வு நிதியில் இரண்டு தரப்புக்குமே பணம் கிடைத்திருக்கிறது. யாருக்கு அதிகம் என்ற மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. கல்யாணம், காரியம் என்று விருந்து வைத்தால் இரண்டு பேருக்கும் அழைப்புப் போகும். ஒருவர் மத்தியானத் தொழுகைக்கு முன்னால் வந்து சாப்பிட்டுப் போவார், மற்றவர் பின்னால் வருவார். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. இதைச் சமரசம் என்று அறிக்கையில் எழுதுகிறவர்கள் ஒரு விருந்துக்காவது வந்து முழு நாளும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தேர்தல் நெருங்கினால், மலை மாவட்டங்களைப் பிரித்துத் தனி மாகாணம் வேண்டும் என்ற பேச்சும் கிளம்பும். கடற்கரைக்காரர்கள் நம்மை எப்போது கணக்கில் வைத்தார்கள் என்பார்கள்.

சரி அம்மா, பயமா என்றால், பயம் இல்லை. அச்சேயில் ஷரியா சட்டம் உண்டு, ஆனால் முஸ்லிம் அல்லாதவளான என்னைத் தலையை மூடு என்று யாரும் சொன்னதில்லை. ஊருக்குள் போகும்போது மரியாதைக்குத் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொள்வேன். நோன்பு மாதத்தில் பகலில் காப்பிக்கடை கிடையாது, அதுதான் கஷ்டம். அனன் வைக்கிற மசாம் ஜிங் என்ற மீன் குழம்பு நம் புளிக்குழம்புக்குப் பக்கத்தில் வரும், காரத்துக்குக் குறைவில்லை. காப்பியைப் பால் இல்லாமல், தூளோடு அப்படியே கொதிநீர் ஊற்றித் தருகிறார்கள். நம் ஃபில்டரைக் காட்டினேன். சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்து அனன் பொறுமையிழந்து வாசலுக்குப் போய்விட்டார். பெலாவான் துறைமுகத்துக்குச் சரக்கு போகும்போது மெடான் வரை போவேன். அங்கே கம்போங் மதராஸில் 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. புகையிலைத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் கட்டியது. அர்ச்சனை அப்பா பெயருக்குத்தான் செய்தேன்.

அப்பாவிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும். அனன் தோட்டத்தில் கவாத்துக்குப் பிறகு துளிர்த்த பழைய மரங்கள் ஒரு வரிசை இருக்கின்றன, திம் திம் ரகம், திமோர் கலப்பு. காய்ப்பு குறைந்துவிட்டது. பிடுங்கிவிட்டுக் கயோ 1 என்ற ரகத்தை நடலாம் என்கிறார் அனனின் மகன். அனன் விடமாட்டேன் என்கிறார். இன்னொரு முறை அடியோடு வெட்டினால் இந்த வயது மரம் துளிர்க்குமா, தண்டில் எத்தனை அடி விடவேண்டும், வெட்டிய வாயில் என்ன பூசுகிறீர்கள்? தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். சிக்னல் வரும்போது இறங்கிவிடும். அனனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்